கல்லும் மறைக்கல்வியும் ஒரே பெட்டியில்: ஒரு மதிப்புரை

கத்தோலிக்கக் குடும்பங்களையும் மறைக்கல்வி வகுப்புகளையும் மனத்தில் வைத்துத் தயாரிக்கப்பட்ட பாறைக் கல்விப் பெட்டி ஒன்றை, எட்டு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளோடு உட்கார்ந்து பயன்படுத்திப் பார்த்த பின் இதை எழுதுகிறேன். பாறைகளும் கனிமங்களும் தனித்தனி அறைகளில் உள்ளன. உடன் ஓர் உருப்பெருக்கி, மெருகிடாத பீங்கான் ஓடு, இரும்பு ஆணி, ஒவ்வொரு கல்லுக்கும் ஓர் அட்டை, பெற்றோருக்கான கையேடு ஆகியவையும் இருக்கின்றன.

கற்களின் தேர்வு மிக நன்று. கிரானைட் துண்டு மெருகேற்றப்படாமல் உடைந்த முகத்தோடு இருப்பதால், கண்ணாடி போன்ற குவார்ட்சையும், வெளிர்சிவப்பான ஃபெல்ட்ஸ்பாரையும், நகத்தால் ஏடு ஏடாக உரிக்கக்கூடிய கறுப்பு மைக்காவையும் பிள்ளைகளே பிரித்தறிகிறார்கள். ஜிப்சத்தில் விரல் நகம் கோடு போடுகிறது. கால்சைட்டில் நகம் தோற்று ஆணி வெல்கிறது. குவார்ட்சிடம் ஆணியும் தோற்கிறது. ஃபிரெடரிக் மோஸ் 1812இல் வகுத்த கடினத்தன்மை அளவுகோலை இதைவிட எளிதாக விளக்க முடியாது. எங்கள் பிள்ளைகளை அதிக நேரம் கட்டிப்போட்டது தெளிந்த கால்சைட் துண்டுதான். அதை அச்செழுத்தின் மேல் வைத்தால் ஒவ்வோர் எழுத்தும் இரண்டாகத் தெரிகிறது. கல்லை மெல்லத் திருப்பினால் ஓர் எழுத்து அசையாமல் நிற்க, மற்றது அதைச் சுற்றி நகர்கிறது. கைதவறி விழுந்த கால்சைட் ஒரே வடிவச் சில்லுகளாக உடைந்ததைக் கண்டு படிகவியலுக்கு அடித்தளமிட்டவராகச் சொல்லப்படும் ரெனே ஜஸ்ட் ஹவுய் (1743–1822) ஒரு கத்தோலிக்கக் குரு. கத்தோலிக்கப் பார்வை என்று அட்டையில் அச்சிட்டுவிட்டு அவரைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் விட்டது வியப்பளிக்கிறது.

அவர் இருந்திருக்க வேண்டிய இடத்தை அறிவுரைகள் நிரப்புகின்றன. காந்தக்கல் இரும்பை ஈர்ப்பதுபோல இறையன்பு நம்மை ஈர்க்கிறது என்றும், சுண்ணாம்புக்கல் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிப் பளிங்காவதுபோலத் துன்பம் நம்மைத் தூய்மையாக்குகிறது என்றும் ஒவ்வோர் அட்டையும் ஒரு நீதியோடு முடிகிறது. முதல் சில அட்டைகளுக்குப் பின் பிள்ளைகள் அந்தப் பத்தியைத் தாண்டிவிடக் கற்றுக்கொள்கிறார்கள். கல் எப்படி உருவானது என்பதைச் சரியாகச் சொன்னாலே படைப்பைப் பற்றிய வியப்பு வரும் என்ற நம்பிக்கை கையேட்டை எழுதியவர்களுக்கு இல்லை போலும்.

பெட்டியின் உயிர்நாடி நீல்ஸ் ஸ்டென்சன் பற்றிய பகுதி. லத்தீன் வழக்கில் ஸ்டெனோ எனப்படும் இவர் 1638இல் கோபன்ஹேகனில் லுத்தரன் குடும்பத்தில் பிறந்து மருத்துவரானவர். 1666இல் பிளாரன்சில் ஒரு பெரிய சுறாவின் தலையை அறுத்து ஆராய்ந்தபோது, மக்கள் ‘நாக்குக் கற்கள்’ என்று பாறைகளிலிருந்து பொறுக்கிய பொருள்கள் அதன் பற்களை ஒத்திருப்பதைக் கண்டார். 1667இல் கத்தோலிக்கராகி, 1669இல் வெளியிட்ட நூலில், அடியிலுள்ள படிவு முதலிலும் மேலுள்ளது பின்பும் படிந்தது என்ற நெறியை வகுத்தார். 1675இல் குருவாகவும் 1677இல் ஆயராகவும் திருநிலைப்படுத்தப்பட்டார். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1988இல் இவரை அருளாளராக உயர்த்தினார். பெட்டியிலுள்ள சுறாப்பல் புதைபடிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு இந்த வரலாற்றைக் கேட்கும் பிள்ளைக்கு, அறிவியலும் நம்பிக்கையும் ஒரே மனிதரிடம் குடியிருந்தன என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

ஆனால் இந்தப் பகுதிக்கான செய்முறை தவறான இடத்துக்கு இட்டுச் செல்கிறது. கண்ணாடிச் சாடியில் சரளை, மணல், களிமண் மூன்றையும் நீரோடு குலுக்கி வைத்தால் அடுக்குகள் தோன்றும் என்கிறது கையேடு. தோன்றுவது உண்மை, ஆனால் ஒரே குலுக்கலில் கனமான துகள் முதலிலும் நுண்ணிய களிமண் கடைசியிலும் இறங்குவதால் வரும் வரிசை அது. காலம் காலமாக ஒன்றன்மேல் ஒன்று படிந்த அடுக்குகள் அவ்வாறு உண்டானவை அல்ல. பாறை அடுக்குகள் யாவும் ஒரே வெள்ளத்தில் ஒரே நேரத்தில் உருவாயின என்ற எண்ணத்தையே இந்தச் சாடி பிள்ளையின் மனத்தில் விதைக்கும். வெவ்வேறு நிற மணலை நாளுக்கு ஒரு வகையாகத் தூவி, நடுவே ஒரு சிப்பியை வைத்தால் ஸ்டெனோவின் நெறி பிசகின்றி விளங்கும்.

இந்தக் குழப்பம் தற்செயலானதாகத் தெரியவில்லை, ஏனென்றால் பூமியின் வயது கையேட்டில் எங்குமே இல்லை. ‘மிக நெடுங்காலம்’ என்று நழுவிவிடுகிறார்கள். விண்கற்களிலுள்ள ஈயத்தின் ஐசோடோப்புகளை, அதாவது எடையில் வேறுபடும் அணு வகைகளைக் கொண்டு, அமெரிக்க அறிவியலாளர் கிளேர் பேட்டர்சன் 1956இல் பூமியின் வயதை ஏறத்தாழ 455 கோடி ஆண்டுகள் என்று கணித்தார். இன்றைய மதிப்பும் அதை ஒட்டியதே. இதைச் சொல்லத் தயங்கும்படி திருச்சபை யாரையும் கேட்கவில்லை. காணும் உலகின் உள்ளியல்பைக் கற்பிப்பது விவிலிய ஆசிரியர்களின் நோக்கமன்று என்று புனித அகுஸ்தீனைச் சுட்டித் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1893ஆம் ஆண்டுச் சுற்றுமடலிலேயே எழுதிவிட்டார். ஸ்டெனோவும் தம் காலத்து வழக்கப்படி உலகின் வயதைச் சில ஆயிரம் ஆண்டுகளாகவே கருதினார் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அவர் வகுத்த நெறியே பிற்பாடு அந்தக் கணக்கைக் கடந்து போக வழிவகுத்தது என்பது பிள்ளைகளுக்குச் சொல்லத்தக்க அருமையான செய்தி.

பாதுகாப்பு பற்றி ஒன்று. பெட்டியிலுள்ள கலீனா ஈயத்தின் தாது. தொட்டபின் கைகழுவ வேண்டும் என்ற எச்சரிக்கை கையேட்டின் கடைசிப் பக்கத்தில் சிற்றெழுத்தில் உள்ளது. அது அந்தக் கல்லின் அட்டையிலேயே இருந்திருக்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அந்த ஒரு கல்லை எடுத்துத் தனியே வைத்துவிடுவது நல்லது.

கற்களுக்காகவும் ஸ்டெனோவுக்காகவும் இதைத் தயங்காமல் வாங்கலாம். படைப்பு பற்றிய கையேட்டுப் பகுதிக்குப் பதிலாக, உலகின் வயது பற்றிய அறிவியல் ஆய்வுகளை வரவேற்கும், கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலின் 283ஆம் எண்ணைப் பெரிய பிள்ளைகளோடு சேர்ந்து வாசித்துவிட்டு, மணல் சாடியை மேலே சொன்ன முறையில் செய்துகொள்ளுங்கள்.