பழைய வீட்டை விற்கும் முன்: அப்படியே விடலாமா, ஒழுக்கை மட்டும் அடைக்கலாமா, முழுசாகப் புதுப்பிக்கலாமா?

சென்னைக்குள் ஒரு கிரவுண்டு மனையில் முப்பது வருஷம் பழைய தனி வீடு என்று வைத்துக்கொள்வோம். விற்பது என்று முடிவானதும் மூன்று யோசனை எழும். இருக்கிறபடியே கொடுத்துவிடலாம். ஒழுக்கு, பெயின்ட், குழாய் என்று அவசியமானதை மட்டும் பார்த்துக் கொடுக்கலாம். டைல்ஸ், மாடுலர் கிச்சன் வரை மாற்றிப் புதுசாக்கியும் கொடுக்கலாம். எது லாபம் என்பதை வாங்க வருகிறவர் யார் என்பதுதான் தீர்மானிக்கும்.

வருகிறவர் பில்டர் என்றால் ஒரு டப்பா பெயின்ட்கூட வாங்க வேண்டாம். அவர் இடிக்கத்தான் போகிறார். 2019-ம் ஆண்டுக் கட்டிட விதிகளின்படி உயரம் குறைந்த கட்டிடங்களுக்குத் தளப்பரப்புக் குறியீடு 2. அதாவது 2,400 சதுர அடி மனையில் எல்லாத் தளமும் சேர்த்து 4,800 சதுர அடி கட்டலாம். அவர் பார்ப்பது சாலை அகலத்தையும் மனை அளவையும்தான். ஆகவே சர்வேயரை வைத்து மனையை அளந்து, பத்திர அளவும் அரசுப் புல வரைபட அளவும் ஒத்துப்போகிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். சதுர அடி 12,000 ரூபாய் போகிற தெருவில் 60 சதுர அடி குறைந்தால் 7,20,000 ரூபாய் போச்சு. பக்கத்து காம்பவுண்டுச் சுவர் உள்ளே தள்ளி நிற்பது விலை பேசும்போது தெரியவந்தால் பேரமே அவர் கைக்குப் போய்விடும்.

குடியிருக்க வாங்குபவர் பெரும்பாலும் வங்கிக் கடனோடுதான் வருவார். முழுப் புதுப்பிப்பு தோற்பது இங்கேதான். வங்கியின் மதிப்பீட்டாளர் மனையையும் கட்டிடத்தையும் தனித்தனியாகப் போடுவார். கட்டிட ஆயுள் 60 வருஷம், ஆயுள் முடிவில் மிஞ்சும் மதிப்பு 10 சதவீதம் என்று எடுத்தால், 30 வருஷத்துக்கு 45 சதவீதம் தேய்மானம். 1,200 சதுர அடி வீட்டை இன்று கட்ட சதுர அடிக்கு 2,200 ரூபாய் என்றால் 26.4 லட்சம், தேய்மானம் போக 14.52 லட்சம். நீங்கள் 4 லட்சம் போட்ட கிச்சன் இந்தக் கணக்கில் அநேகமாக ஏறாது. வாஸ்து பார்ப்பவர் வந்தால் அடுப்படியையே தென்கிழக்குக்கு மாற்றுவார்.

இவருக்குப் பொருத்தம் இரண்டாவது வழிதான். ஆனால் வரிசை முக்கியம்: முதலில் தண்ணீர், கடைசியில் பெயின்ட். மொட்டை மாடியின் மழைநீர்க் குழாய் வாய்களை அடைத்து இரண்டு அங்குலத் தண்ணீரை 24 மணி நேரம் நிறுத்தி, கீழே சீலிங்கைக் கவனியுங்கள். தட்டோட்டுத் தளமாக இருந்தால் பெரும்பாலும் ஓட்டு இணைப்புகளிலும், கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலையிலும்தான் ஒழுகும். இணைப்புகளைச் சுரண்டி, நீர்க்கசிவு தடுப்புக் கலவை சேர்த்த சிமென்ட் பாலை ஊற்றி அடைக்க வேண்டும். பாத்ரூமின் வெளிச்சுவரில் உப்புப் பூத்திருந்தால் சந்தேகப்பட வேண்டியது நஹானி ட்ராப்பையும் (தரைத் தண்ணீர் வெளியேறும் வாய்) உள்ளே புதைந்த குழாய் இணைப்பையும். ராத்திரி மேல்தொட்டி மட்டத்தைக் குறித்துவைத்து, யாரும் தண்ணீர் தொடாமல் காலையில் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது.

அடைத்த பிறகு ஊறிய பூச்சைக் கொத்தி எடுத்து, சுவரை மூன்று வாரமாவது காயவிடுங்கள். திரும்ப வெள்ளை உப்பு வந்தால் கசிவு நிற்கவில்லை என்று அர்த்தம். காய்ந்ததும் புதுப்பூச்சு, அது ஆறிய பின் பிரைமர், இரண்டு கை பட்டி, தேய்ப்பு, மறுபடி பிரைமர், இரண்டு கை எமல்ஷன். ஐப்பசிக்கு முன்பே முடிப்பது நல்லது.

ஈரச் சுவரில் பட்டி போட்டு மறைப்பவர்கள் அதிகம். அட்வான்ஸ் வாங்கியதிலிருந்து பதிவு வரை, கடன் வர இரண்டு மூன்று மாதம் ஆகலாம். சுவர் கொப்பளிப்பதும் சரியாக அந்த இடைவெளியில்தான். வாங்குபவர் அப்போது விலையைக் குறைக்கச் சொல்வார். எளிதில் கண்ணுக்குத் தெரியாத முக்கியக் குறையை விற்பவர் தெரிந்தே மறைக்கக் கூடாது என்று 1882-ம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 55-ம் பிரிவும் சொல்கிறது.

காகிதம் மூன்று வழிக்கும் பொது. பட்டா இன்னும் அப்பா பெயரிலேயே இருந்தால், பெயின்டருக்கு முன் அதற்கு அலையுங்கள். 30 வருஷ வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், சொத்து வரி ரசீது எல்லாம் கையில் இருக்கட்டும். கடனோடு வருபவருக்கு அங்கீகரிக்கப்பட்ட வரைபடமும் வேண்டும். வரைபடத்தில் இல்லாத மாடி அறையை வங்கி மதிப்பில் சேர்க்காமல் விடலாம், கடனையே மறுக்கவும் செய்யலாம்.

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால், உள்நாட்டில் வசிப்பவர் விற்கும்போது வாங்குபவர் விலையில் 1 சதவீதத்தை டி.டி.எஸ். என்ற வருமான வரிப் பிடித்தமாகப் பிடித்துக் கட்டுவார், உங்கள் பான் எண் தேவைப்படும். மூலதன ஆதாய வரிக் கணக்கில் கூடுதல் அறை கட்டியது போன்ற மேம்பாட்டுச் செலவைக் கழிக்கலாம், பில் இருந்தால். பெயின்ட்டும் ஒழுக்கு ரிப்பேரும் அதில் சேராது.