சாட்ஸ்வொர்த் சனிக்கிழமை வலைப்பந்துப் பயிற்சி: நான்கு மாத அனுபவம்

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில், முப்பது வயதைக் கடந்த பெண்களுக்காகச் சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு நடக்கும் வலைப்பந்துப் பயிற்சிக்கு நான்கு மாதங்களாகப் போய்வருகிறேன். மாதக் கட்டணம் 250 ராண்ட். நடத்துபவர்கள் இருவருமே பல்கலைக்கழக அணிக்காக ஆடியவர்கள். இப்போது ஒருவர் கணக்காளர், மற்றவர் பள்ளி ஆசிரியை. எடையைக் குறைக்கலாம் என்று போன எனக்குக் குறைந்தது இரண்டு கிலோதான். இதை எழுதத் தூண்டியது எடை அல்ல, 'சாரி' என்ற ஒரு சொல்.

வலைப்பந்தில் பந்தைக் கையில் வைத்திருக்க மூன்று விநாடிதான் அனுமதி. பந்தோடு ஓடவும் கூடாது. பிடித்த மாத்திரத்தில் யாருக்கு எறிவது என்று முடிவெடுத்தாக வேண்டும். அந்த முடிவு அடிக்கடி தப்பும். முதல் இரண்டு வாரமும் பந்து நழுவியபோதெல்லாம் எங்களில் பெரும்பாலோர் 'சாரி, சாரி' என்று நெற்றியில் கைவைத்து நின்றோம். கல்லூரி நாட்களில் ஆடியிருந்த நான்கு பேர் மட்டும் அதைச் சொல்லவேயில்லை. பந்து கைவிட்டுப் போன நொடியிலேயே அவர்கள் திரும்பி எதிராளியை மறிக்க ஓடிக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் வாரம் கணக்காளர் அக்கா ஆட்டத்தை நிறுத்தி, "நீங்கள் சாரி சொல்லி முடிப்பதற்குள் உங்கள் ஆள் வளையத்தடிக்குப் போய்விட்டாள், மன்னிப்பை வீட்டுக்குப் போய்க் கேட்டுக்கொள்ளலாம்" என்றார். எல்லோரும் சிரித்தோம், எனக்கு மட்டும் சுருக்கென்றது. அலுவலகக் கூட்டத்தில் ஒவ்வொரு கருத்தையும் மன்னிப்போடு தொடங்குகிறவள் நான்.

டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகத்தில்தான் நானும் படித்தேன் (2004-இல் அது நாட்டால் பல்கலைக்கழகத்தோடு இணைந்து க்வாசுலு-நாட்டால் பல்கலைக்கழகம் ஆயிற்று). ஆனால் இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும் என்பது அப்பாவின் கட்டளை என்பதால், விளையாட்டுத் திடலைப் பேருந்து ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறேன். 1961-இல் சாலிஸ்பரி தீவில் இந்தியர்களுக்கென்று தனியாகத் தொடங்கப்பட்ட கல்லூரிக்குப் படகில் போய்வந்த என் பெரியம்மாவுக்கோ, விளையாட்டும் இனவாரியாகப் பிரிந்து கிடந்த காலம் அது. இனவாரி விளையாட்டை எதிர்த்து 1973-இல் உருவான சாக்கோஸ் (தென்னாப்பிரிக்க விளையாட்டு மன்றம்) அமைப்பு 'இயல்பற்ற சமுதாயத்தில் இயல்பான விளையாட்டு கிடையாது' என்று முழங்கியது நியாயமானதே என்றாலும், வீட்டுக் கட்டுப்பாடு, அரசின் கட்டுப்பாடு இரண்டுக்கும் நடுவே எங்கள் பெண்களுக்குத் திடல் எட்டாமலே போயிற்று.

அப்படிப் போனதில் பிறகு ஈடுசெய்ய முடியாதது எலும்பு. எலும்பின் திண்மையில் பெரும்பகுதி இருபது வயதை ஒட்டியே சேர்ந்துவிடுகிறது. குதித்து இறங்கும்போது விழும் பாரம் அதைக் கூட்டுகிறது. மாதவிலக்கு நின்றபின் கரைவது அந்தச் சேமிப்பிலிருந்துதான். நாற்பத்தெட்டு வயதில் நான் குதிப்பது இருப்பதைக் காப்பதற்கு உதவலாம், அவ்வளவே. இதை அக்காமார் ஒளிக்காமல் முதல் நாளே சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. முழங்கால் தசைநார் கிழிவது ஆண் ஆட்டக்காரர்களைவிடப் பெண்களுக்கு அதிகம் என்பதால், ஒவ்வொரு வகுப்பிலும் முதல் கால் மணி நேரம் பந்தே கிடையாது. முழங்கால் மடித்து, இரு பாதமும் ஒன்றாகப் பதிய, சத்தமில்லாமல் இறங்கப் பழக்குகிறார்கள். சத்தம் கேட்டால் மறுபடியும் குதிக்க வேண்டும்.

உயர்பதவியில் உள்ள பெண்களிடம் ஏர்ன்ஸ்ட் அண்ட் யங் நிறுவனம் எடுத்த கணக்கெடுப்பு ஒன்றில், தலைமைப் பொறுப்பில் இருந்தவர்களில் 52 சதவீதம் பேர் பல்கலைக்கழக அளவில் விளையாடியவர்கள் என்று தெரியவந்ததாம். வகுப்பில் இதை அடிக்கடி எடுத்துச் சொல்கிறார்கள். மாலையில் திடலில் நிற்க வசதியும் வீட்டார் சம்மதமும் வாய்த்த பெண்ணுக்கு மற்ற கதவுகளும் எளிதில் திறந்திருக்கும் அல்லவா? ஆகவே அந்த எண்ணை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த நான்கு பேர் திரும்பி ஓடும் விதத்தை நேரில் பார்த்ததுதான் எனக்குச் சான்று.

குறைகளும் உண்டு. சிமெண்டுத் தளம் ஒரு மூலையில் விரிசல் விட்டிருக்கிறது. அதில்தான் ஐந்தாம் வாரம் என் கணுக்கால் பிசகியது. முதலுதவிப் பெட்டியில் கட்டுத்துணி இருந்ததே தவிர ஐஸ் இல்லை. எதிர்க்கடையில் ஐஸ் பை வாங்கிவர வேண்டியிருந்தது. நிழல் கிடையாது, ஜனவரிப் புழுக்கத்தில் எட்டு மணிக்கே தளம் சுடுகிறது. புதியவர்களையும் பழைய ஆட்டக்காரர்களையும் ஒரே ஆட்டத்தில் இறக்குவது முதல் மாதத்தில் அச்சம் தந்தது. ஆனால் காவடி விரத நாட்களில் கேட்காமலே ஓட்டத்தைக் குறைத்து எறிபயிற்சியை மட்டும் வைத்தார்கள். அந்த வாரம் வராதவர்களுக்குக் கட்டணத்தையும் கழித்துக்கொண்டார்கள்.

முழங்காலில் ஏற்கெனவே வலி உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் சேர்வது நல்லது. முதல் வகுப்புக்குக் கட்டணம் இல்லை. பிடிப்புள்ள காலணியும் இரண்டு லிட்டர் தண்ணீரும் கொண்டுபோங்கள். ஆறேகாலுக்கே போய்விட்டால் விரிசல் இல்லாத பக்கம் கிடைக்கும்.