ஏற்காடு லாட்ஜுக்கு 4 ஸ்டார், அவங்க வெப்சைட்டுக்கு 1 தான்

எங்கண்ணனுக்கு சுத்தமா கண்ணு தெரியாது, ஸ்கிரீன்ல இருக்கறத படிச்சு சொல்ற என்விடிஏங்கற சாஃப்ட்வேர் போட்டு காதால கேட்டே பேங்க் வேலை எல்லாம் அவரே பாத்துக்குவார். போன மாசம் ஏற்காடு ஏரி பக்கத்துல ஒரு லாட்ஜ்ல ரூம் போட அவங்க வெப்சைட்ட தொறந்து உக்காந்தார், நானும் கூடவே இருந்தேன்.

போட்டோ எதுக்கும் ஆல்ட் டெக்ஸ்ட் (படத்துல என்ன இருக்குன்னு சொல்ற வரி) இல்ல, "கிராஃபிக், கிராஃபிக்"னே சொல்லிட்டு போகுது, "ரெண்டு கட்டில், ஜன்னல்ல ஏரி தெரியும்"னு ஒரு வரி எழுதியிருந்தா அதையே படிச்சிருக்கும். தேதி எடுக்கற காலண்டர் மவுஸுக்கு மட்டும் தான் அசையுது, டேப் கீய தட்டுனா அதைத் தாண்டி நேரா கீழ போயிடுது, சும்மா தேதிய டைப் பண்ற ஒரு கட்டம் வெச்சிருந்தா கூட போதும்ங்க. இதெல்லாம் தாண்டி படத்துல இருக்கற எழுத்த அடிக்க சொல்ற கேப்சா வேற, அதுக்கு ஆடியோவும் கிடையாது. அரை மணி நேரம் போராடிட்டு "நீயே போட்டுருடா"ன்னார், எனக்கு மனசே ஆறல.

கண்ணு தெரியற எனக்கே வெள்ளை மேல வெளிர் சாம்பல்ல போட்ட ரேட்டு தெரியல. வெப்சைட் எல்லாருக்கும் பயன்படணும்னு இருக்கற டபிள்யூசிஏஜிங்கற விதிமுறையோட ஏஏ அளவுப்படி சாதாரண எழுத்துக்கு குறைஞ்சது 4.5க்கு 1 கான்ட்ராஸ்ட் (எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம்) வேணும்.

ரூம் சுத்தம், மொளகு போட்ட நாட்டுக்கோழி அருமை. மேனேஜர், எங்கண்ணன கையப் புடிச்சு இழுக்காம தன் முழங்கைய புடிச்சுக்க சொல்லி படி எத்தனைன்னு சொல்லிட்டே கூட்டிட்டு போனார், அந்த மனுசருக்கு நன்றி. காலண்டரயும் கேப்சாவயும் பத்தி அவர்கிட்ட சொல்லியிருக்கேன், சரி பண்ணிட்டா நானே வந்து ஸ்டார மாத்தறேன்.