என்ஆர்ஐசி எண்ணைப் பூட்டி வைப்பது: ஏஇஎஸ்-ஜிசிஎம், போஸ்ட்கிரெஸ் நீண்டகாலப் பயன்பாட்டில்

சிங்கப்பூரில் மருந்தகம், வேலை முகவை என எதற்கு மென்பொருள் எழுதினாலும் முதலில் பூட்ட (குறியாக்கம் செய்ய) வேண்டியது என்ஆர்ஐசி எனும் அடையாள அட்டை எண்ணைத்தான். “ஹாஷ் செய்துவிட்டோமே”, அதாவது நேராகத் திருப்ப முடியாத குறியீடாக மாற்றிவிட்டோமே என்று பலர் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். போதவே போதாது. அந்த எண்ணில் முன்னால் ஓர் எழுத்து, பிறகு ஏழு இலக்கங்கள். கடைசி எழுத்து அவற்றிலிருந்து கணக்கிடப்படுவது. ஒரு முன்னெழுத்துக்கு மொத்தமே ஒரு கோடி எண்கள். சாதாரண மடிக்கணினியே அத்தனைக்கும் எஸ்எச்ஏ-256 என்ற ஹாஷைப் போட்டு ஒப்பிட்டு, ஒரு நிமிடத்துக்குள் எண்ணைச் சொல்லிவிடும்.

காலப்போக்கில் தாக்குப்பிடிப்பது, நிரலிலேயே ஏஇஎஸ்-256-ஜிசிஎம் என்ற குறியாக்க முறை கொண்டு பூட்டி, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் பைட்டா (பைட்களை அப்படியே வைக்கும்) வகையில் சேமிப்பது. தரவுத்தளத்துக்குள்ளேயே பூட்டும் பிஜிகிரிப்டோ நீட்சியில் சாவி எஸ்கியூஎல் கட்டளையோடு சேர்ந்தே போகிறது, தரவுத்தளத்தின் லாகில் பதிந்துவிடலாம்.

ஒரு பதிவின் கணக்கு இது: சாவியின் பதிப்பு எண் 1 பைட், நான்ஸ் (ஒருமுறை மட்டும் பயன்படும் எண்) 12, என்ஆர்ஐசி 9, யாரும் மாற்றவில்லை என்று காட்டும் சரிபார்ப்பு டேக் 16. ஆக 38 பைட். அந்த முதல் பைட்டைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். சாவி மாற்றும் நாளில், அட்டவணையின் எந்த வரிசை எந்தச் சாவியில் பூட்டியது என்று காட்டுவது அதுதான். நான்ஸை ஒவ்வொரு முறையும் புதிதாக எடுக்க வேண்டும். ஒரே சாவியில் அது மறுபடி வந்தால் ரகசியமும் போகும், போலிப் பதிவும் நுழையும்.

வரிசையின் ஐடியைக் கூடுதல் தரவாக (பூட்டாமல், சரிபார்ப்பில் மட்டும்) சேர்த்துப் பூட்டினால், ஒருவரின் மறையுரையை, அதாவது பூட்டிய எண்ணை, இன்னொருவர் வரிசையில் ஒட்டினாலும் திறக்காது. ஆனால் தானாக ஏறும் ஐடி, பொதுவாகப் பதிவு உள்ளே போன பிறகுதான் தெரியும். அதனால் ஐடியாக யூயூஐடியை (மறுபடி வராத நீண்ட அடையாளத்தை) நிரலிலேயே உருவாக்கிக்கொள்ளுங்கள்.

உண்மையான தலைவலி தேடல்: நான்ஸ் மாறுவதால் ஒரே எண்ணும் ஒவ்வொரு முறையும் வேறு மறையுரையாகிறது. தனிச் சாவியில் எச்மேக் (சாவியோடு போடும் ஹாஷ்) போட்டு, இன்னொரு நெடுவரிசையில் இன்டெக்ஸோடு வைத்தால் முழு எண்ணைத் தேடலாம். கவுன்டரில் கேட்கும் கடைசி மூன்று இலக்கங்களையும் எழுத்தையும் கொண்டு தேட முடியாது. இன்னொன்று, எச்மேக்குக்கு முன் இடைவெளிகளை நீக்கி, பெரிய எழுத்தாக்க வேண்டும். இல்லையென்றால், சின்ன ‘எஸ்’ தட்டிய ஒரே காரணத்தால் பழைய நோயாளிக்குப் புதுப் பதிவு முளைத்துவிடும்.

சாவியை பேக்கப்போடு வைத்தால் பூட்டியதில் பயனே இல்லை. தரவைப் பூட்டும் சாவியை கேஎம்எஸ் (சாவிகளைக் காக்கும் தனிச் சேவை) சாவியால் பூட்டி, நிரல் தொடங்கும்போது ஒருமுறை திறந்து நினைவகத்தில் வைத்தால் வேகம் குறையாது. பழைய பேக்கப் இருக்கும்வரை பழைய சாவியும் இருக்க வேண்டும். பேக்கப்பை மீட்டுச் சோதிக்கும்போது, ஒரு வரிசையையாவது திறந்து எண் சரியாக வருகிறதா என்று பாருங்கள்.