பிரீமியம் பாண்ட்: பெரிய தொகைக்கு யோசியுங்கள், சின்னத் தொகையை விற்காதீர்கள்

பிரிட்டனில் சம்பாதிக்கும் நம்மவர்கள் நாலு பேர் கூடினால் வீட்டுக் கடன் வட்டிக்கு அடுத்தபடியாக இந்தப் பேச்சுதான் வரும்: கையில் கொஞ்சம் காசு சேர்ந்திருக்கிறது, பிரீமியம் பாண்டில் போடலாமா? என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆயிரம், இரண்டாயிரம் பவுண்டு சேர்த்து அது வளர வேண்டும் என்று நினைப்பவருக்கு இது சரியான இடமில்லை. அதிக வரி கட்டுபவர், ஐசா என்ற வரியில்லாச் சேமிப்புக் கணக்கின் வரம்பு முழுவதையும் போட்டு முடித்தவர், பெரிய தொகை வைத்திருப்பவர் என்றால் தாராளமாகப் போடலாம். இந்த இரண்டு கணக்கிலும் சேராத மூன்றாவது ஒன்று இருக்கிறது, ஒருவர் இன்னொருவர் பேரில் ஆசையாக வாங்கி வைத்த 25 பவுண்டு, 50 பவுண்டு பாண்ட். அதை வட்டிக் கணக்குப் பார்த்து விற்றுவிடாதீர்கள் என்று சொல்லத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. பிரீமியம் பாண்ட் என்பது பிரிட்டிஷ் அரசின் சேமிப்பு நிறுவனமான என்.எஸ். அண்ட் ஐ விற்பது. ஒரு பவுண்டுக்கு ஒரு பாண்ட், ஒவ்வொன்றுக்கும் தனி எண். இப்போது குறைந்தபட்சம் 25 பவுண்டுக்கு வாங்க வேண்டும், ஒருவர் அதிகபட்சம் 50,000 வரை வைத்திருக்கலாம். வட்டி கிடையாது. வட்டியாகக் கொடுக்க வேண்டிய பணத்தை மொத்தமாகச் சேர்த்து மாதாமாதம் குலுக்கிப் பரிசாகக் கொடுக்கிறார்கள். 25 பவுண்டில் தொடங்கி மேலே பத்து லட்சம் பவுண்டு வரை, அந்தப் பத்து லட்சம் மாதத்துக்கு இரண்டு பேருக்கு. பரிசுக்கு வரி இல்லை. போட்ட பணத்துக்கு அரசே முழு உத்தரவாதம், எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்கு இதைக் கேட்டதும் லாட்டரிச் சீட்டு ஞாபகம் வந்துவிடும். அண்ணா முதல்வராக இருந்தபோது அரசு பரிசுச் சீட்டு வந்தது, 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்று விளம்பரம் செய்தார்கள். 2003-இல் லாட்டரியே தடை செய்யப்படும்வரை எத்தனை குடும்பங்களின் கூலிக் காசு அதில் போயிற்று என்று ஊரில் வளர்ந்த யாரும் சொல்வார்கள். அதனால் இங்கே வந்த புதிதில் நம் ஆட்கள் பலர் "அய்யோ, லாட்டரியா" என்று ஒதுங்குகிறார்கள். இதில் விழுந்தாலும் வீட்டுக்குத்தான், விழாவிட்டாலும் போட்ட பவுண்டு வீட்டுக்குத்தான். நீங்கள் இழப்பது வேறு இடத்தில் கிடைத்திருக்கக்கூடிய வட்டியை மட்டும். அந்த வட்டி சின்ன விஷயமும் இல்லை, அதைப் பார்த்துவிடலாம்.

2025 ஆகஸ்ட் நிலவரப்படி பரிசு நிதி விகிதம், அதாவது மொத்த பாண்ட் தொகையில் வருஷத்துக்குப் பரிசாகப் போகும் பங்கு, 3.6 சதவீதம், ஒரு பாண்டுக்கு ஒரு மாதத்தில் பரிசு விழும் வாய்ப்பு 22,000-இல் ஒன்று. 2023 செப்டம்பரில் இதே விகிதம் 4.65 வரை ஏறியிருந்தது, அப்புறம் படிப்படியாக இறக்கிவிட்டார்கள். 3.6 என்று பார்த்ததும் 'ஆயிரத்துக்கு வருஷம் 36 பவுண்டு வரும்' என்று மனம் கணக்குப் போடும். வராது. ஆயிரம் பாண்ட் வைத்திருப்பவருக்குச் சராசரியாக 22 மாதத்துக்கு ஒரு பரிசு, அதுவும் பெரும்பாலும் சின்னப் பரிசு. அப்படி ஆயிரம் வைத்திருப்பவர்களில் பாதிக்கு மேல் ஒரு வருஷம் முழுக்க எதுவுமே விழாமல் இருப்பார்கள். அந்த 3.6 சதவீதத்துக்குள் பத்து லட்சம் அடித்தவரின் பணமும் ஒரு லட்சம் அடித்தவரின் பணமும் அடங்கியிருக்கிறது, அதைக் கழித்துவிட்டுப் பார்த்தால் சாதாரண ஆளுக்கு வருவது அந்த விகிதத்துக்கும் கீழேதான். 50,000 வைத்திருப்பவர் கதை வேறு. அவருக்கு மாதம் சராசரியாக இரண்டு பரிசுக்கு மேல் வரும், வரி இல்லாமல். 40 சதவீத வரி கட்டுபவருக்கு வங்கி வட்டியில் வருஷத்துக்கு முதல் 500 பவுண்டுக்குத்தான் வரி விலக்கு என்பதால் அவருக்கு இது நன்றாகவே கட்டுப்படியாகும். அடிப்படை வரி கட்டுபவருக்கு அந்த விலக்கு 1,000 பவுண்டு, கையில் இருப்பதும் கொஞ்சம் என்றால் நல்ல வட்டி தரும் சேமிப்புக் கணக்கே மேல், சந்தேகமே வேண்டாம்.

இன்னொரு விஷயமும் பார்க்க வேண்டும். வாங்கிய பாண்ட் ஒரு முழு மாதம் கையில் இருந்த பிறகுதான் குலுக்கலுக்குள் போகும். மார்ச்சில் வாங்கினால் மே மாதக் குலுக்கல். அவசரத்துக்கு ஓரிரு மாதம் பணத்தை நிறுத்தி வைக்க இது இடமில்லை.

சரி, பணக் கணக்கு இவ்வளவுதான். இப்படிக் கணக்குப் பார்த்தால் 25 பவுண்டு பாண்ட் வைத்திருப்பவருக்குச் சராசரியாக 73 வருஷத்துக்கு ஒரு பரிசு. பிறந்த குழந்தைக்கு வாங்கிக் கொடுத்தால் அது பாட்டியாகும்போது ஒரு 25 பவுண்டு விழலாம்! இருந்தும் இந்த நாட்டில் இரண்டு கோடிக்கு மேற்பட்டவர்கள் இதை வைத்திருக்கிறார்கள். அவர்களில் பலரிடம் இருப்பது தாத்தாவோ பாட்டியோ ஞானஸ்நானத்துக்கும் பிறந்தநாளுக்கும் வாங்கிக் கொடுத்த சில பவுண்டுகள். அந்த எண்கள் மாதாமாதம் குலுக்கலுக்குள் போய் வந்துகொண்டே இருக்கின்றன. காலாவதி என்பதே கிடையாது. பழைய எண்ணுக்கும் நேற்று வாங்கிய எண்ணுக்கும் வாய்ப்பு ஒன்றுதான், புது எண்களுக்குத்தான் விழுகிறது என்று சொல்வார்கள், புது எண்கள் அதிகமாக இருப்பதால் அப்படித் தெரிகிறது. 2004 ஜூலையில் பத்து லட்சம் பவுண்டு விழுந்த எண் 1959 பிப்ரவரியில் வாங்கியது. அந்தப் பெண்மணியிடம் இருந்ததே மொத்தம் 17 பவுண்டு பாண்ட்தான். அவர் இருந்தது நியூஹாம், நம் ஈஸ்ட்ஹாம் கடைத்தெரு இருக்கும் அதே பகுதி.

இதன் வரலாறும் எனக்குப் பிடித்த ஒன்று. 1956 பட்ஜெட்டில் நிதியமைச்சர் ஹரோல்ட் மேக்மில்லன் அறிவித்தார், அந்த வருஷம் நவம்பர் 1-ஆம் தேதி விற்பனை தொடங்கியது. எதிர்க்கட்சியில் இருந்த ஹரோல்ட் வில்சன் இதைக் கேவலமான குலுக்கல் என்று திட்டினார். அப்புறம் அவரே பிரதமரானார், பாண்ட் அப்படியேதான் இருந்தது. 1957 ஜூனில் லிதம் செயின்ட் ஆன்ஸ் ஊரில் முதல் குலுக்கல், முதல் பரிசு 1,000 பவுண்டு. எண்களை எடுத்த இயந்திரத்துக்கு எர்னி என்று பேர். போர்க் காலத்தில் ஜெர்மானியச் சங்கேதத்தை உடைக்க கொலோசஸ் கணினியைக் கட்டிய அதே டாலிஸ் ஹில் தபால் துறை ஆய்வு நிலையத்துக்காரர்கள்தான் எர்னியையும் செய்தார்கள். நியான் குழாய்களுக்குள் உண்டாகும் மின் இரைச்சலிலிருந்து எண்களை எடுத்தது அது. 2019 முதல் ஓடுவது ஐந்தாவது எர்னி, ஒளித்துகளை வைத்து எடுக்கிறது, முந்தையது ஒன்பது மணி நேரம் செய்த வேலையைப் பன்னிரண்டு நிமிஷத்தில் முடிக்கிறது. ஒரு சேமிப்புத் திட்டத்தின் இயந்திரத்தை இந்த ஊர்க்காரர்கள் ஆள் பேர் சொல்வது போல எர்னி என்று சொல்வதைக் கேட்டால், அவர்களுக்கு இதன்மேல் இருக்கும் பிரியம் புரியும்.

அந்தப் பிரியம் எனக்குப் புரிந்தது என் மாமனார் தவறிய பிறகு. அவர் எழுபதுகளில் இங்கே வந்தவர். பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ் எல்லாம் வைக்கும் தோல் பையில், பிளாஸ்டிக் உறைக்குள் பழைய பாண்ட் பத்திரங்கள் இருந்தன, எல்லாம் தபால் ஆபீசில் வாங்கியவை. மொத்தத் தொகை ஒரு மாத மளிகைச் செலவுக்குக் காணாது. ஒவ்வொன்றின் பின்பக்கமும் பென்சிலில் தமிழில் ஒரு வரி. 'வேலை நிரந்தரம்.' 'மூத்தவள் பிறந்தாள்.' 'அம்மா ஊரிலிருந்து வந்தார்.' 'வீட்டுக் கடன் தீர்ந்தது.' நல்லது நடந்த போதெல்லாம் மனிதர் தபால் ஆபீசுக்குப் போய் ஒரு பாண்ட் வாங்கியிருக்கிறார். டைரி எழுதும் பழக்கம் அவருக்குக் கிடையாது. இதைத்தான் டைரியாக வைத்திருந்தார் போல.

இங்கேதான் இந்தத் திட்டத்தின் பெரிய குறை வருகிறது. பிரீமியம் பாண்டை யாருக்கும் மாற்ற முடியாது, எழுதி வைக்கவும் முடியாது. இறந்தவர் பேரில் உள்ள பாண்ட் அதிகபட்சம் பன்னிரண்டு மாதம் குலுக்கலில் இருக்கலாம், அதற்குள் விழும் பரிசு வாரிசுகளைச் சேரும், அப்புறம் பணமாக எடுத்தே ஆக வேண்டும். அத்தையிடம் இதைச் சொன்னபோது, "அவர் எண்ணை என் பேருக்கு மாத்தித் தரமாட்டாங்களாப்பா? காசு வேண்டாம், எண் இருந்தா போதும்" என்று கேட்டார். தரமாட்டார்கள். நகை, பாத்திரம், வீடு எல்லாம் அடுத்த தலைமுறைக்குப் போகும், இது போகாது. அந்தப் பன்னிரண்டு மாதமும் அத்தை விடாமல் எண்ணைப் பார்த்தார், பரிசு எதுவும் விழவில்லை. பத்திரத்தைத் திருப்பிக் கேட்டால் என்ன செய்வது என்று முன்னும் பின்னும் கலர் நகல் எடுத்து வைத்தோம். பணம் வந்ததும் அதே தொகைக்குப் பேரப்பிள்ளைகள் பேரில் புது பாண்ட் வாங்கச் சொன்னார், வாங்கினோம். எண் வேறு, ஆனாலும் அத்தைக்கு அதில் ஒரு நிம்மதி.

2015-இல் தபால் ஆபீஸ் விற்பனையை நிறுத்திவிட்டார்கள், இப்போது ஆன்லைன், போன், அல்லது தபாலில் விண்ணப்பம். வசதிதான், மறுக்கவில்லை. கையில் கொடுக்க ஒரு தாள் இருந்தபோது அதன் பின்பக்கம் எழுத இடமும் இருந்தது, அதற்கு ஈடாக எந்த ஆப்பும் இல்லை. அதனால் பரிசாக வாங்குகிறவர்களுக்கு என் யோசனை: ஒரு நல்ல வாழ்த்து அட்டையில் பாண்ட் எண்ணையும், எதற்காக வாங்கினீர்கள் என்பதையும் உங்கள் கையால் எழுதிக் கொடுங்கள்.

வேறு சில விஷயங்கள் அவசியம் தெரிந்திருக்க வேண்டும். முன்பு பெற்றோரும் தாத்தா பாட்டியும்தான் குழந்தைக்கு வாங்க முடியும், 2019 முதல் சித்தி, மாமா, பக்கத்து வீட்டுக்காரர், யாரும் 16 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு வாங்கலாம். பெற்றோர் அல்லது பாதுகாவலர் விவரத்தைக் கொடுக்க வேண்டும், அதன்பின் பாண்டைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவர்களுடையது. 16 வயதானதும் பிள்ளை கைக்கே போய்விடும். பெற்றோர் கொடுத்த பணத்துக்கு வங்கியில் வருஷம் 100 பவுண்டுக்கு மேல் வட்டி வந்தால் அந்த வரி பெற்றோர் தலையில் விழும், பாண்ட் பரிசுக்கு அந்தத் தொல்லை கிடையாது. இதைப் பலரும் கவனிப்பதில்லை.

அப்புறம், வீடு மாறினால் முகவரியை மாற்றுங்கள். யாரும் கேட்டு வராத பரிசுப் பணம் பத்து கோடி பவுண்டுக்கு மேல் அப்படியே கிடக்கிறது, காரணம் பெரும்பாலும் பழைய முகவரி, அல்லது சின்ன வயதில் யாரோ வாங்கிக் கொடுத்தது தெரியாமலே வளர்ந்துவிட்ட பிள்ளைகள். பழைய பரிசைக் கேட்கக் காலக்கெடு இல்லை. உங்கள் ஹோல்டர் எண்ணை (பாண்ட் எண் இல்லை, வைத்திருப்பவருக்கான எண்) என்.எஸ். அண்ட் ஐ தளத்திலோ ஆப்பிலோ போட்டால் எடுக்காத பரிசையும் காட்டும். எண்ணே தொலைந்துபோனாலும் எழுதிக் கேட்டால் தேடிப் பார்ப்பார்கள். பரிசு வங்கிக் கணக்குக்கு நேராக வரும்படி ஒருமுறை ஏற்பாடு செய்துவிட்டால் கடிதம் தவறிப்போகும் கவலையே இல்லை.

பிறந்த வீட்டிலோ புகுந்த வீட்டிலோ இங்கே நெடுநாள் இருந்த பெரியவர்கள் இருந்தால் இந்த வாரமே கேளுங்கள், "உங்ககிட்ட பழைய பிரீமியம் பாண்ட் ஏதாவது இருக்கா?" என்று. இருந்தால் எண்ணைக் குறித்துக்கொண்டு, எப்போது, எதற்காக வாங்கினார்கள் என்பதையும் கேட்டு எழுதி வையுங்கள். என் மாமனாருடைய பத்திரங்களில் ஒன்றின் பின்னால் 'மழை' என்று மட்டும் இருக்கிறது. என்ன மழை, எந்த ஊர் மழை என்று அத்தைக்கும் தெரியவில்லை.