இன்ஜினுக்குக் கொடுத்தது 58,000, பில்லில் இருப்பது "பழைய இரும்பு 240 கிலோ"

எனக்குப் பழைய இன்ஜின் விற்ற கடைக்காரரின் அந்த வீடியோவை இன்று காலை மறுபடியும் பார்த்தேன். அதே பச்சை பெயின்ட் ஸ்டாண்டு, அதே இன்ஜின், மேலே கவிழ்த்து வைத்த அதே ஆயில் மூடி. விலை மட்டும் 70,000 என்று இருந்தது 72,000 ஆகியிருக்கிறது. எனக்கு விற்றுவிட்டதாகச் சொன்ன இன்ஜின் இன்னும் அங்கேயே ஓடிக்கொண்டிருக்கிறது. அப்படியானால் என் வண்டிக்குள் கிடப்பது என்ன? அதைத்தான் எழுதுகிறேன். வயிற்றெரிச்சலில் எழுதுவதால் முன்னே பின்னே இருக்கும். பழைய பிக்கப்புக்கு இன்ஜின் எப்படிப் பார்த்து வாங்குவது என்பதையும் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

போனது மொத்தம் 78,500 ரூபாய்.

எங்களுக்குக் கொடைக்கானல் பக்கம் பூம்பாறை. பூண்டு, கேரட், கொஞ்சம் உருளைக்கிழங்கு. வண்டி 2008 மாடல் பொலேரோ பிக்கப், 2523 சிசி டிஐ இன்ஜின், கம்ப்யூட்டர் இல்லாத பழைய ரகம். இத்தனை வருஷமாக வடுகபட்டிச் சந்தைக்குப் பூண்டு மூட்டை இறக்கி, வரும்போது உரமும் மளிகையும் ஏற்றிக்கொண்டு மலை ஏறிய வண்டி. போன மாதம் புகை தள்ள ஆரம்பித்தது, ஏற்றத்தில் இழுவை இல்லை. எங்கள் மெக்கானிக் அண்ணன் பார்த்துவிட்டு, "பேக் கம்ப்ரஷன் வந்துருச்சு தம்பி, ரிங் தேஞ்சு காத்து கீழ இறங்குது. இறக்கி வேலை பாத்தா லைனர், பிஸ்டன், ரிங், பேரிங், ஹெட் வேலை, லேத்துக் கூலி எல்லாம் சேத்து 60,000 கிட்ட வரும். பன்னெண்டு நாள் குடு" என்றார். பூண்டு எடுக்கிற நேரத்தில் பன்னிரண்டு நாள் வண்டி இல்லாமல் இருக்க முடியுமா? கம்பெனியில் புது இன்ஜின் வாங்கும் வசதியும் இல்லை. ஓடுகிற இன்ஜினாக ஒன்று வாங்கி மாட்டினால் இரண்டே நாளில் வேலை முடியும் என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்குதான் என்னைக் கவிழ்த்தது.

பழைய பொருள் விற்கும் ஒரு செயலியில் தேடினேன். பெயர் வேண்டாம், எல்லோர் போனிலும் இருக்கிற மாதிரி ஒன்று. அதில் பழைய இன்ஜின், கியர்பாக்ஸ் விற்கும் ஒரு கடைக்காரர் கிடைத்தார். ஊரையும் நான் இங்கே சொல்லவில்லை. சமவெளியில் ஒரு பெரிய ஊர், பேச்சில் கொங்கு வாடை.

முதலில் நான் கேட்டது 45,000 ரூபாய்க்குப் போட்டிருந்த ஒரு சிஆர்டிஇ இன்ஜினை, அதாவது கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் ரகத்தை. அவர்தான் தடுத்தார். "அது உங்குளுக்கு வேண்டாமுங்ணா. அத போட்டா ஈசிஎம்ங்கற கம்ப்யூட்டர், வயரிங், சென்சார், டீசல் பம்பு அத்தனையும் மாத்தோணும். ரெண்டு மடங்கு செலவாயிரும். உங்க வண்டிக்கு மெக்கானிக்கல் பம்பு இன்ஜின்தான் செட்டாகும்" என்றார். மெக்கானிக் அண்ணனிடம் கேட்டால், ஆமாம், அவர் சொல்வது நூற்றுக்கு நூறு சரி என்றார். அங்கேதான் நான் விழுந்தேன். விற்பதற்கு ஒரு பொருளை வைத்துக்கொண்டு, அது உனக்கு வேண்டாம் என்று சொல்கிற வியாபாரியை யார் சந்தேகப்படுவார்கள்?

அடுத்து அந்த வீடியோ. ஸ்டாண்டில் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது. அவர் கை மட்டும் வருகிறது, மோதிர விரலில் ஒரு செப்பு வளையம். ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்து, அதே துளையின் மேல் கவிழ்த்து வைக்கிறார். மூடி ஆடவே இல்லை, அப்படியே உட்கார்ந்திருக்கிறது. உள்ளே ரிங் தேய்ந்திருந்தால் கீழிருந்து வரும் காற்று மூடியைத் தூக்கி எறியும் என்பது டீசல் வண்டி வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். என் பழைய இன்ஜினில் மூடி குதிக்கும். இதில் அசையவில்லை. அந்த வீடியோவை என் மனைவிக்குப் போட்டுக் காட்டினேன், மாமாவுக்கு அனுப்பினேன். யாருமே இன்ஜின் நம்பர் எங்கே என்று கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

விலை 70,000. என் பழைய இன்ஜினை எடுத்துக்கொண்டு 12,000 கழித்து 58,000. முன்பணம் 10,000 போனில் அனுப்பினேன். மீதி 48,000 ரொக்கம், இன்ஜின் வந்து இறங்கியதும் லோடு வண்டி டிரைவர் கையில். "பேப்பர் எல்லாம் கூடவே வருமுங்ணா, முப்பது நாள் கேரண்டி" என்றார். நேரில் போய்ப் பார்க்க அரை நாள் ஆகும். போகவில்லை. பூண்டு எடுக்கும் நேரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை இருட்டுகிற நேரத்தில் இன்ஜின் வந்தது. புதுக் கறுப்பு பெயின்ட் மினுமினுவென்று இருந்தது. டிரைவர் ரூபாயை எண்ணி வாங்கிக்கொண்டு, என் பழைய இன்ஜினை ஏற்றிக்கொண்டு, மடித்த ஒரு தாளைக் கொடுத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். தாளை வண்டிப் பெட்டியில் போட்டேன், பிரிக்கக்கூட இல்லை. இரண்டு நாள் செயின் பிளாக் கட்டி மாட்டினார்கள். மாட்டும் கூலி 9,000. ஆயில், ஃபில்டர், கூலன்ட், ஹோஸ், கேஸ்கெட் என்று 7,000. வண்டி வாடகை 4,500 தனி.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் முதல் ஸ்டார்ட். நம் ஊர்க் குளிர் தெரியுமே. ரொம்ப நேரம் செல்ஃப் அடித்த பிறகுதான் பிடித்தது. நீலப் புகை ஷெட்டை மூடிவிட்டது. சூடானால் சரியாகும் என்று மூட்டையை ஏற்றிக்கொண்டு இறங்கினேன். இறக்கத்தில் ஒன்றும் தெரியவில்லை. திரும்பும்போது மலைப்பாதையில் டம்டம் பாறை தாண்டுவதற்குள் ஹீட் முள் மேலே போய்விட்டது. நிறுத்தி, ஆற விட்டு, தண்ணீர் ஊற்றி, ஊத்து என்கிற இடம் வரை வந்தேன். அங்கே மறுபடி. ஆயில் கேஜைத் துடைத்துப் பார்த்தால் நுனியில்கூட எண்ணெய் இல்லை. காலையில்தான் நிரப்பியது. இன்ஜின் ஓடும்போதே மூடியைத் திருகி, அந்த வீடியோவில் செய்த மாதிரியே கவிழ்த்து வைத்தேன். தெறித்துப் போய்ச் சாலையோரக் கல்லில் விழுந்தது.

வண்டியைக் கட்டி இழுத்து வந்து பிரித்தோம். அண்ணன் சம்பை, அதாவது அடியில் ஆயில் நிற்கும் தட்டை, கழற்றி பேரிங்கை எடுத்து, முதுகுப் பக்கத்தைத் துணியால் துடைத்து என் கையில் கொடுத்தார். 0.75 என்று பொறித்திருந்தது. கிராங்கை (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) ஏற்கெனவே முக்கால் மில்லிமீட்டர் கடைந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இனி ஒரு தடவை கடையலாம், அதோடு சரி. பிளாக்கின் பக்கவாட்டில் பெயின்ட் உப்பியிருந்த இடத்தை ஸ்க்ரூடிரைவரால் கீறினார். சாம்பல் நிறத்தில் எம்-சீல் பெயர்ந்து வந்தது. கீழே விரல் நீளத்துக்கு வெடிப்பு. தண்ணீர் போன வழி அதுதான்.

அப்போதுதான் வண்டிப் பெட்டியில் கிடந்த தாளைப் பிரித்தேன். "பழைய இரும்பு, 240 கிலோ, கிலோ 30 வீதம், 7,200 ரூபாய்." இன்ஜின் என்ற வார்த்தையே இல்லை. நம்பர் இல்லை. 58,000 இல்லை.

இதுவரை "அவர்" என்று எழுதிவிட்டேன். இனி எழுத வரவில்லை.

முதல் தடவை போன் செய்தபோது, "ஐநூறு கிலோமீட்டர் ஓட்டுங்ணா, ரிங் செட்டாயிரும்" என்றான். இரண்டாவது தடவை, "மலை மேல காத்து கம்மிங்ணா, அதான் புகை." இதைக் கேட்டு அண்ணன் போனைப் பிடுங்கி, "காத்து கம்மியானா கரும்புகைதான்யா வரும், இது நீலப் புகை, ஆயில் எரியுது" என்றார். உடனே லைன் கட். மூன்றாவது தடவை, மாட்டினவருக்கு வேலை தெரியவில்லை என்றான். நான்காவது தடவை சொன்னதுதான் இன்னும் காதில் இருக்கிறது: "எங்க கேரண்டி ஸ்டார்ட்டிங் கேரண்டிங்ணா. ஸ்டார்ட் ஆச்சுங்களா இல்லீங்களா?" ஆச்சு என்றேன். "அப்பறம் என்னங்ணா?"

கழற்றிக் கொண்டு வா பார்க்கலாம் என்றும் ஒரு தடவை சொன்னான். கழற்றக் கூலி, ஏற்றி இறக்க வாடகை, மறுபடி மாட்டக் கூலி எல்லாம் யார் தருவது என்றதற்குப் பதில் இல்லை. அதன் பிறகு என் நம்பரை அவன் எடுக்கவே இல்லை, வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. என் மனைவி போனிலிருந்து அடித்தோம். முதல் ரிங்கிலேயே எடுத்தான். "சொல்லுங்க மேடம், எந்த வண்டிக்கு இன்ஜின் வேணும்?" கொடைக்கானல் என்று அவள் ஆரம்பித்ததும் வைத்துவிட்டான்.

செயலிக்காரர்களுக்குப் புகார் போட்டேன். வாங்குபவரையும் விற்பவரையும் சேர்த்து வைப்பது மட்டுமே எங்கள் வேலை என்று பதில் வந்தது. இரண்டு நாளில் புகார் முடிக்கப்பட்டது என்று இன்னொரு செய்தி. முடித்தது யார், எப்படி என்று தெரியவில்லை.

"லோடு வண்டிக்கெல்லாம் கன்ஸ்யூமர் கோர்ட்டு இல்லீங்ணா" என்றும் அவன் பயமுறுத்தியிருந்தான். சொந்தத்தில் ஒரு வக்கீல் இருக்கிறார். சொந்த உழைப்பில் பிழைப்புக்காக வாங்கும் பொருள் வியாபாரக் கணக்கில் வராது என்று 2019 நுகர்வோர் சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறதாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமும் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட்டால் போதும் என்றார். நுகர்வோர் உதவி எண் 1915க்கு அடித்துப் புகார் எண் வாங்கிவிட்டேன். சிக்கல், கையில் ஆதாரம் என்று இருப்பது 10,000 அனுப்பிய ரசீதும் 7,200க்கு இரும்பு பில்லும் மட்டுமே. 78,500 போனதை எப்படி நிரூபிப்பது? அடுத்த மாதம் வண்டிக்கு எஃப்சி (தகுதிச் சான்று) வேறு. இன்ஜின் மாற்றினால் 14 நாளுக்குள் ஆர்டிஓவில் தெரிவிக்க வேண்டும். எந்த வண்டியில் கழற்றியது என்றே தெரியாத இன்ஜினை வைத்துக்கொண்டு அங்கே போய் என்ன சொல்வது? திருட்டு வண்டியின் இன்ஜினாக இருந்தால்?

சரி, விவரமாகச் சொல்கிறேன் என்றேன். கை ஓடவில்லை, தோன்றியதை மட்டும் சொல்கிறேன். இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது போய் நின்று, உங்கள் கண் முன்னால் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள், வீடியோவை நம்ப வேண்டாம். நம்பரைச் சுரண்டிப் பார்த்து, பில்லில் அதே நம்பரும் முழு விலையும் ஏறாமல் பணம் கொடுக்காதீர்கள், ரொக்கமாகவே வேண்டாம். சம்பைக் கழற்றி பேரிங் முதுகைக் காட்டச் சொல்லுங்கள், மாட்டேன் என்றால் கிளம்பிவிடுங்கள். புதுப் பெயின்ட் அடித்திருந்தால் கட்டாயம் கீறிப் பாருங்கள். உங்கள் பழைய இன்ஜினை மட்டும் கைவிடாதீர்கள். என்னுடையதற்கு 60,000 செலவு செய்திருந்தால் இப்போது ஓடிக்கொண்டிருக்கும். அதையும் 12,000க்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த வீடியோவை உங்களில் யாராவது பார்த்தால், பச்சை ஸ்டாண்டு, செப்பு வளையம், ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்புங்கள், மனுவோடு சேர்க்க வேண்டும். வியாழக்கிழமை திண்டுக்கல் போகிறேன். வாடகை வண்டி வந்து ஹாரன் அடிக்கிறது, மூட்டை ஏற்றணும்.