ஹைக்குவுக்குள் இன்னொரு மெஷின்: கேவிஎம்மா, பீஹைவா, என்விஎம்எம்மா?

ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை மென்பொருளாகவே ஓட்டிக் காட்டும் க்யூஎமு, ஹைக்கு ஓஎஸ்ஸில் நன்றாகவே ஓடும். அதற்குள் ஒரு லினக்ஸை ஏற்றிவிட்டு, டெஸ்க்டாப் வருவதற்குள் டீ போட்டுக் குடித்துவிட்டு வந்துவிடலாம், அவ்வளவுதான். கெஸ்ட்டின், அதாவது உள்ளே ஓடும் ஓஎஸ்ஸின், கட்டளைகளை எல்லாம் மென்பொருளே மாற்றி எழுதி ஓட்டுவதால் வரும் தாமதம் இது. இந்த வேலையைப் புரோசஸரே செய்யும் வசதி 2005-06இலேயே வந்துவிட்டது. இன்டெலில் அதன் பெயர் விடி-எக்ஸ், ஏஎம்டியில் ஏஎம்டி-வி. ஆனால் அதைக் கையாள ஓஎஸ்ஸின் மையமான கர்னலுக்குள் ஒரு டிரைவர் வேண்டும். நான் தொடங்கியபோது ஹைக்குவில் அது இல்லை. சேர்த்துப் பார்ப்போம் என்று உட்கார்ந்தபோது எழுந்த முதல் கேள்வி, யாருடைய நிரல் கோடை (code) எடுத்து வருவது என்பதுதான்.

(ஹைக்கூ என்றதும் கவிதை நினைவுக்கு வந்தால் அதில் தவறில்லை. பீஓஎஸ் என்ற பழைய ஓஎஸ்ஸின் நெட்பாசிட்டிவ் பிரவுசர் பிழைச் செய்திகளை ஹைக்கூவாகவே காட்டும். அந்த பீஓஎஸ்ஸைத் திறமூலமாகத் திரும்ப எழுத 2001இல் தொடங்கிய முயற்சிதான் இந்த ஹைக்கு.)

நான் எடுத்தது நெட்பிஎஸ்டி ஓஎஸ்ஸின் டிரைவரான என்விஎம்எம். கூகுளின் 2024 கோடைக்காலத் திட்டத்தில் ஹைக்குவுக்காக எடுத்துக்கொள்ளப்பட்டதும் அதேதான். அதோடு எனக்குச் சம்பந்தமில்லை. என்னுடைய ஏஎம்டி ரைசன் லேப்டாப்பில் மாலை நேரங்களில் நோண்டியதை வைத்துத்தான் இங்கே பேசுகிறேன்.

முதலில் கழித்துக்கட்ட வேண்டியவற்றைக் கழித்துவிடலாம். இன்டெலின் ஹாக்ஸ்எம் 2017இல் திறமூலமானது, பல ஓஎஸ்களில் ஓடவும் செய்தது. ஆனால் ஏஎம்டியைத் தொடாது. 2023இல் இன்டெலே கைவிட்டது, அப்புறம் க்யூஎமுவும் நீக்கிவிட்டது. ஓப்பன்பிஎஸ்டியின் விஎம்எம் அழகான சிறிய கோடு. ஆனால் கெஸ்ட்டுக்கு ஒரே ஒரு சிபியு என்ற வரம்போடு நெடுங்காலம் இருந்தது. எல்லாவற்றையும் புதிதாக நாமே எழுதலாம் என்பவர்களுக்கு என் வாழ்த்து.

லினக்ஸின் டிரைவரான கேவிஎம்மைப் பார்த்தால் ஆசை வரும். 2007 பிப்ரவரியில் லினக்ஸ் 2.6.20இல் சேர்ந்தது முதல் எத்தனையோ பேர் செதுக்கியது. இபிடி (கெஸ்ட்டின் மெமரி முகவரிகளைப் புரோசஸரே மாற்றித்தரும் இன்டெல் வசதி) இல்லாத பழைய கோர் 2 மெஷினில்கூட ஓடும். ஹைக்கு வைத்திருப்பவர்களில் பழைய மெஷின் பிரியர்கள் நிறையப் பேர் என்பதால் இது சின்ன விஷயம் இல்லை. உரிமம்தான் முதல் முட்டு. அது நிபந்தனைகள் கூடிய ஜிபிஎல், ஹைக்குவோ தாராளமான எம்ஐடி. அதைத் தனி ஆட்-ஆனாக வைத்துச் சமாளித்தாலும், கேவிஎம் லினக்ஸின் உள்ளுறுப்புகளோடு பின்னிக் கிடக்கிறது. ஆர்சியு, எம்எம்யு நோட்டிஃபையர், ஈவென்ட்எஃப்டி என்று ஒன்றை இழுத்தால் பத்து கூட வரும்.

இந்த வழியில் ஏற்கனவே போய்ப் பார்த்தவர்கள் உண்டு. ஜாயண்ட் நிறுவனம் 2011இல் கேவிஎம்மை இல்லுமோஸ் என்ற ஓஎஸ்ஸுக்குக் கொண்டுவந்தது. கெட்டிக்காரர்கள், சம்பளம் வாங்கிக்கொண்டு முழுநேரமாகச் செய்த வேலை. தொடக்கத்தில் இன்டெலுக்கு மட்டும்தான் கொண்டுவந்தார்கள். பிறகு லினக்ஸ் பக்கத்துக் கேவிஎம் வளர்ந்துகொண்டே போக, இவர்கள் எடுத்த பிரதி எடுத்த இடத்திலேயே நின்றது. கடைசியில் 2018வாக்கில் அவர்களே ஃப்ரீபிஎஸ்டியின் பீஹைவுக்கு மாறினார்கள். அவர்களுக்கே அந்தக் கதி என்றால், சில தன்னார்வலர்கள் கவனித்துக்கொள்ளும் கர்னலில் என்ன ஆகும்?

கொண்டுவருவதைவிடப் பராமரிப்புதான் பெரிய செலவு என்பது என் கட்சி. ஒரு கோடையில் யாரோ ஒருவர் உயிரைக் கொடுத்துக் கொண்டுவந்துவிடுவார். அடுத்த கோடையில் அவருக்கு வேலை கிடைத்திருக்கும், குழந்தை பிறந்திருக்கும். அதன்பிறகு ஹைக்குவின் மெமரி மேலாண்மையோ த்ரெட்களை முறைப்படுத்தும் ஷெட்யூலரோ மாறும்போது இந்த நிரலைத் திறந்து சரிசெய்யப்போவது, இதை எழுதாத ஒருவர். அவர் கர்னலுக்குள் எத்தனை ஆயிரம் வரி படிக்க வேண்டும்?

அந்தக் கணக்கில் என்விஎம்எம் தனியாகத் தெரிகிறது. 2020 பிப்ரவரியில் நெட்பிஎஸ்டி 9.0ஓடு வந்தது. அதன் கர்னல் பகுதி சில ஆயிரம் வரிகள்தான். மெஷினை உருவாக்கு, சிபியுவை உருவாக்கு, அதன் நிலையைக் கொடு, ஓட்டு, ஏன் நின்றது என்று சொல். கிட்டத்தட்ட இதோடு அதன் பொறுப்பு முடிகிறது. கெஸ்ட் ஒரு டிவைஸைத் தொட்டு நின்றால், அந்தக் கட்டளையைப் பிரித்துப் படிக்கும் வேலை லிப்என்விஎம்எம் என்ற பயனர் பக்க நூலகத்தில் நடக்கிறது. அங்கே தப்பு நடந்தால் க்யூஎமு மட்டும் விழும், மெஷின் விழாது. கேவிஎம்மில் இந்தக் கட்டளைப் பிரிப்பு கர்னலுக்குள்ளேயே இருக்கிறது. என்விஎம்எம் ஆதரவு 2021இலேயே க்யூஎமுவில் சேர்ந்துவிட்டதால் டிவைஸ் பக்கத்தை நாம் சுமக்க வேண்டியதில்லை. உரிமமும் பிஎஸ்டி. டிராகன்ஃபிளை பிஎஸ்டி இதை எடுத்துத் தன் 6.2இல் வெளியிட்டது. ஆக, இன்னொரு கர்னலுக்கு மாற்ற முடியும் என்பது காகிதத்தில் மட்டும் இல்லை.

கடினமான இடம் ஒன்றே ஒன்று: கெஸ்ட்டின் மெமரி. நெட்பிஎஸ்டியில் அது அந்தக் கர்னலின் மெமரி அடுக்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது, அதை அப்படியே பிடுங்கி நட முடியாது. ஹைக்குவில் பேஜ் டேபிள்களை (மெமரி முகவரிகளை மாற்றித்தரும் அட்டவணைகளை) கவனிக்கும் விஎம்டிரான்ஸ்லேஷன்மேப் என்ற கிளாஸிலிருந்து புதிதாக ஒன்றை வருவித்தேன். இபிடிக்கு இணையான ஏஎம்டியின் என்பிடி, சாதாரண பேஜ் டேபிள் வடிவத்தையே பயன்படுத்துவதால் பாதி வேலை மிச்சம். அந்த நம்பிக்கையில்தான் இரண்டு மாலை போனது. கெஸ்ட் முதல் கட்டளையிலேயே பதினாறடிமானத்தில் 400 என்ற எண்ணோடு திரும்பி வந்துகொண்டே இருந்தது. அதாவது நெஸ்டெட் பேஜ் ஃபால்ட், கெஸ்ட் கேட்ட மெமரிப் பக்கத்தை என்பிடி வழியாக அணுக முடியவில்லை என்ற புகார். பேஜைப் போட்டுத்தான் வைத்திருக்கிறேன், அப்புறமும் ஃபால்ட். கெஸ்ட் செய்யும் எல்லா அணுகலையும் என்பிடி பயனர் அணுகலாகவே பார்க்கும், ஆகவே எல்லா மட்டத்திலும் பயனர் அணுகலை அனுமதிக்கும் யூசர் பிட் போட வேண்டும் என்று ஏஎம்டி கையேட்டில் எழுதித்தான் இருக்கிறது. படித்திருந்தேன், மறந்திருந்தேன்.

பீஹைவ் என் இரண்டாவது தேர்வு, அதைக் குறைத்துச் சொல்ல மனம் வரவில்லை. ஃப்ரீபிஎஸ்டி 10.0ஓடு 2014இல் வெளிவந்தது, உரிமமும் பொருந்தும். ஹைக்குவின் நெட்வொர்க் டிரைவர்கள் பல ஃப்ரீபிஎஸ்டியிலிருந்து ஒரு இணக்க அடுக்கு வழியாக வருபவை, எனவே அந்தக் கோடு நமக்கு அந்நியமும் இல்லை. இன்டரப்ட்களை சிபியுவிடம் சேர்க்கும் லோக்கல் ஏபிஐசி போன்றவற்றைக் கர்னலுக்குள்ளேயே வைத்திருப்பதால் இன்டரப்ட் அதிகம் வரும் வேலைகளில் வேகமாக இருக்க வேண்டும். நான் அளந்து பார்க்கவில்லை. என்விஎம்எம்மில் அந்த வேலை க்யூஎமுவரை மேலே போய்த்தான் திரும்புகிறது. ஆனால் அந்த வேகத்தைத் தரும் கோடுதான் நாளைக்கு யாரோ கர்னலுக்குள் பராமரிக்க வேண்டிய கோடும். அதோடு பீஹைவ் தன் சொந்த டிவைஸ்களோடு வருகிறது, க்யூஎமு அதற்கு வேண்டாம். சர்வருக்கு அது வரம். ஹைக்குவோ டெஸ்க்டாப். கெஸ்ட்டின் திரையைப் பார்க்க விஎன்சி என்ற நெட்வொர்க் இணைப்பு வழியாகச் சுற்றிப் போவதைவிட, க்யூஎமு நேராக ஒரு ஜன்னலைத் திறப்பதுதான் இங்கே இயல்பு.

என்விஎம்எம்மின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். 64 பிட் ஹோஸ்ட்டில் மட்டுமே ஓடும், ஆகவே பழைய பீஓஎஸ் நிரல்களுக்காக 32 பிட் ஹைக்கு வைத்திருப்பவர்களுக்குப் பயனில்லை. இபிடியோ என்பிடியோ இல்லாத மெஷின்களும் அவுட். நெட்பிஎஸ்டியும் டிராகன்ஃபிளையும் தனித்தனிப் பிரதிகள் வைத்திருப்பதால், திருத்தங்களை எங்கிருந்து எடுப்பது என்பது ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டிய விஷயம்.

என்னிடம் இதுவரை ஓடுவது ஒரு சிபியுவோடு ஒரு சிறிய லினக்ஸ் கெஸ்ட். விண்டோஸை முயன்றதில்லை. இன்டெல் பக்கம் இன்னும் கை வைக்கவில்லை. அங்கே இபிடியின் பிட்கள் வேறு வரிசை, மெமரி கிளாஸை மறுபடி எழுத வேண்டும். கெஸ்ட் சிபியுவின் நிலையை வைத்திருக்கும் விஎம்சிஎஸ்ஸையும் ஒரு கோரிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் முன் முதல் கோரில் துடைத்துவிட வேண்டும், ஹைக்கு த்ரெட்டை எப்போது நகர்த்தும் என்று எனக்குச் சொல்லிவிட்டு நகர்த்தாது. நண்பர் ஒருவர் பழைய ஐ5 லேப்டாப் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அது கைக்கு வரும்வரை, இன்டெல் வைத்திருப்பவர்கள் மேலே சொன்னதில் பாதியை மட்டும் நம்பினால் போதும்.